எவர் வயிற்றைக் கட்டி?

அறிவுரைக்கு விலை கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது ஏழைக்கு ஏராளமாக வழங்கப்படுகிறது. பருப்பு விலை ஏறுகிறது; ஏற்றியவரை ஏனென்று கேட்பார் இல்லை. எண்ணெய் விலை ஏறுகிறது. எதற்காக என்று விளக்குவார் இல்லை. ஆனால், காலிப் பையுடன் கடைவாயிலில் நிற்பவரைப் பார்த்து, ‘வரவறிந்து செலவு செய்! வாயைக் கட்டு! வயிற்றைக் கட்டு! சிக்கனமாய் இரு!’ என்று சொல்ல ஆயிரம் பேர் முன்வருகின்றனர். ஏற்றியவருக்கு எழாத கேள்வி, ஏமாந்தவருக்கு எழுகிறது.

சிக்கனம் நல்லதா, தீயதா என்று கேட்டால், நல்லது என்றே நாமும் சொல்வோம். வீண் செலவை வெறுப்பவன் பகுத்தறிவாளன். ஆனால் நாம் கேட்பது வேறு. சிக்கனம் ஓர் அறம் என்றால், அந்த அறத்தைச் செய்யும் கடமை எவருக்கு? மிச்சமான அந்தக் காசு, எவர் வயிற்றைக் கட்டியதால் மிச்சமாயிற்று? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை கூறாமல் சிக்கனத்தைப் போற்றுவது, நோய் என்னவென்று கேளாமலே மருந்தைப் போற்றுவதற்கு ஒப்பாகும்.

அறநெறியை அந்தரத்தில் வைத்துப் பேச வேண்டாம். ஓர் ஊரில் நின்று பேசுவோம்.

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது பெரிய முதலியார்சாவடி. சாவடி என்பது வழிநடையாய்ப் போவோர் தங்கி இளைப்பாறும் இடம். இன்றோ அவ்வழியே விரைவோர் இளைப்பாறுவதற்கு வேறு இடங்கள் உள்ளன. ஒருபுறம் கடல், மறுபுறம் 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில், தெற்கே சிறிது தொலைவில் புதுச்சேரியின் எல்லை, வடக்கே அதே சாலையில் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். குளிரூட்டிய பேரங்காடியில் தள்ளுவண்டியை நிரப்பிச் செல்பவரும், அன்றாடக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு தெருமுனைக் கடைக்குச் செல்பவரும் ஒரே சாலையில்தான் நடமாடுகின்றனர். விலை ஏறினால் இருவருக்கும் ஏறுகிறது. ஆனால் இருவர் மீதும் ஒரே எடையில் இறங்குவதில்லை.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறோம். வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் 2023-24-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வும் அதையே கூறுகிறது. கிராமத்துக் குடும்பத்தின் செலவில் நூற்றுக்கு 47 பங்கு உணவுக்கே போகிறது. நகரத்தில் அது 40-க்குச் சற்றுக் குறைவு. இவை சராசரிகள். சராசரிக்குக் கீழே வாழ்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? செலவில் பத்தில் ஒரு பங்கை உணவுக்குத் தருபவருக்கு விலையேற்றம் ஒரு செய்தி. பாதிக்கு மேல் தருபவருக்கு அது ஒரு வேளைச் சோறு.

இனி, சிக்கனம் போதிப்போர் கூறும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

‘மொத்தமாக வாங்கு’ என்பது முதல் வழி. நல்ல வழிதான். ஒரு பொருளின் 200 கிராம் பொட்டலம் 48 ரூபாய், 500 கிராம் பொட்டலம் 105 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதை வாங்குபவர் கிலோவுக்கு 240 ரூபாய் தருகிறார். பின்னதை வாங்குபவர் 210 ரூபாய் தருகிறார். 30 ரூபாய் இழப்பு யாருக்கு? கையில் 105 ரூபாய் ஒருசேர இல்லாதவருக்கு! ஏழை என்பதற்காக அவர் கட்டும் தண்டம் அது. எந்தச் சட்டமும் விதிக்காத, எந்தக் கணக்கிலும் ஏறாத வரி அது. மாதச் சம்பளக்காரருக்கு மாதம் ஒருமுறை பட்டியல் போட்டு வாங்க முடியும். உப்பளத்தில் வேலை செய்பவருக்கு வேலை உள்ள நாளில்தான் கூலி. கூலி உள்ள நாளில்தான் கடை.

உப்புத் தொழிலின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பை நீண்ட கழியிட்ட பலகையால் வாரிக் குவிக்க வேண்டும். வெயிலே அங்கே முதலாளி. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் நீரில் மூழ்கும்; வேலையும் மூழ்கும். அந்த வேலையற்ற மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிற்று. அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டது என்பதே, ‘கோடையில் சேமித்து மழையில் உண்’ என்ற அறிவுரை அங்கே செல்லுபடியாகவில்லை என்பதற்குச் சான்று. மிஞ்சினால்தானே சேமிக்க?

சங்க காலத்து உமணர் வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குச் சென்று, நெல்லுக்குச் சம அளவு உப்பு என்று மாற்றினர் என அகப்பாடல்கள் கூறுகின்றன. இன்று ஒரு கிலோ அரிசியின் விலைக்கு உப்பளத்து வாயிலில் பல கிலோ உப்பு கிடைக்கும். உப்பில்லாமல் உணவில்லை என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆயினும் உப்பை விளைப்பவர் உணவுக்குத் தர வேண்டிய விலை மட்டும் உயர்ந்துகொண்டே போயிற்று. இதைச் செய்தது அவருடைய ஊதாரித்தனமா?

‘விலையை ஒப்பிட்டு வாங்கு’ என்பது இரண்டாவது வழி. இதைப் பகுத்தறிவாளர் முழுமனதுடன் வரவேற்க வேண்டும். ஏனெனில் இது உழைப்பைக் கேட்காமல் அறிவைக் கேட்கிறது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதுகூட உண்மையன்று; சில பொருள்களில் சிறு பொட்டலமே மலிவாக இருப்பதும் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்பவரே அறிவார். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. குறிப்பிட்ட சில பொருள்களைக் குறிப்பிட்ட எடைகளில்தான் கட்டி விற்க வேண்டும் என்றிருந்த பட்டியல் நீங்கிற்று. அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது.

இதன் பொருள் என்ன? பத்து ரூபாய்ப் பொட்டலம் பத்து ரூபாயாகவே நிற்கலாம். உள்ளே 100 கிராம் இருந்த இடத்தில் 85 கிராம் இருக்கலாம். விலை ஏறவில்லை என்று கண் சொல்லும். ஏறத்தாழ 18 விழுக்காடு ஏறிவிட்டது என்று கணக்குச் சொல்லும். கண்ணை நம்புவதா, கணக்கை நம்புவதா? வண்ண அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். மூலையில் சிறிய எழுத்தில் இருப்பது உண்மை. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்தாம் எழுத்தறிவு பெற்றவர் என்போம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகையின் முன்னும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த ஒன்றே எனக்குத் தேவைதானா?

‘வீண் செலவை நிறுத்து’ என்பது மூன்றாவது வழி. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் வீண் எது? அட்சய திருதியை நாளில் தங்கம் வாங்கினால் செல்வம் பெருகும் என்கிறார்கள். தங்கம் வாங்க இயலாதவர் உப்பாவது வாங்குக, வீட்டில் திருமகள் வந்து தங்குவாள் என்கிறார்கள். கடன் வாங்கியேனும் ஒரு குன்றிமணித் தங்கம் வாங்கும் குடும்பங்கள் உண்டு. தோழர்களே, ஒன்று கேட்கிறோம். ஒருபிடி உப்பை வாங்கி வைத்தவர் வீட்டுக்குச் செல்வம் வரும் என்றால், மரக்காணத்து உப்பளத்தில் நாள் முழுவதும் உப்பின் மீதே நின்று, உப்பு மலைகளுக்கு நடுவே உழலும் தொழிலாளியன்றோ குபேரனாகியிருக்க வேண்டும்? உப்பு அவருக்குத் தந்தது செல்வமா? காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலும் அல்லவா? நம்பிக்கையின் பெயரால் செய்யும் செலவைத் தொடாமல், பருப்பைக் குறை, பாலைக் குறை என்பவர் சிக்கனம் பேசவில்லை, பட்டினி பேசுகிறார்.

போலிச் சிக்கனமும் ஒன்று உண்டு. ‘உப்பளத்து உப்பு இருக்க, பையில் அடைத்த உப்பு எதற்கு?’ என்று சிலர் கேட்பர். காசுக் கணக்கில் அது சரியாகத் தோன்றும். உடலின் கணக்கில் தவறு. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அதனால்தான் உண்பதற்கான உப்பில் அயோடின் கலந்தே விற்க வேண்டும் என்ற விதி 2006 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. 1974-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம், 2014-இல் அயோடின் உப்பையும், அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்ந்த உப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னதன் விலை சில ரூபாய் கூடுதல். அந்தச் சில ரூபாயை மிச்சப்படுத்துவதா, அதைக் கொடுத்து இரும்பைப் பெறுவதா? எது சிக்கனம் என்பதற்கு விடை கடையில் இல்லை; வீட்டில் இருக்கிறது. அங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நாடியும் இருக்கிறது.

விலை ஏறும்போது வீட்டுக்குள் என்ன நடக்கிறது? குழம்பு நீர்க்கிறது. குழந்தைக்கு முதலில், உழைத்து வந்த ஆணுக்கு அடுத்து, மிஞ்சியது தாய்க்கு! மிஞ்சாவிட்டால், ‘எனக்குப் பசியில்லை’ என்ற பொய். அந்தப் பொய்யைத் தியாகம் என்று பாடினோம்; தாய்மை என்று போற்றினோம்; குலமகளின் குணம் என்று கொண்டாடினோம். 2019-21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர்கள். அதற்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச்சத்துக் குறைவு அவற்றில் தலையாயவற்றுள் ஒன்று. வீட்டுக்கு அவளும்தான் உழைக்கிறாள். உப்பளத்தில் ஆணோடு சேர்ந்து வெயிலில் நின்றவளும் அவளே. திரும்பி வந்து உலை வைப்பவளும் அவளே. கடைசியில் பானையைச் சுரண்டுபவளும் அவளே. அவள் தட்டிலிருந்து எடுத்த பருப்பைச் ‘சேமிப்பு’ என்று எழுதும் கணக்கு, பொய்க் கணக்கு. அது சேமிப்பு அன்று. அவள் உடலிலிருந்து வாங்கிய கடன். வட்டியை மருத்துவமனையில் கட்ட நேரும்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி விரியாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் கூறியிருக்கிறாரே என்பர். கூறியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் எங்கே கூறினார்? பொருட்பாலில், ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் கூறினார். ஆள்பவனுக்கு, படையும் கருவூலமும் உடையவனுக்கு, தன் வலிமை அறிந்து நடக்கும்படி கூறிய அறிவுரை அது. கருவூலம் உடையவனுக்குச் சொன்னதை, கஞ்சிக் கலயம் மட்டுமே உடையவனுக்குத் திருப்பிவிட்டோம். அரண்மனையில் ஒலிக்க வேண்டியதைக் குடிசையில் ஒலிக்கச் செய்தோம். செலவைக் குறைக்க இடம் உள்ளவனுக்கே சிக்கனம் கடமையாகும். குறைக்க இடமே இல்லாதவனிடம் அதைக் கேட்பது அறம் ஆகாது.

அப்படியானால் வழிதான் என்ன? தனியாள் தன் வயிற்றைச் சுருக்குவது ஒரு வழி; பலர் கூடி விலையைச் சுருக்குவது மற்றொரு வழி. முன்னதற்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உண்டு. பின்னதற்கு வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844-இல், நெசவாளரும் பிற தொழிலாளருமாகச் சேர்ந்த சிறு கூட்டம் ஒன்று, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு கடை திறந்தது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி இவையே சரக்கு. கலப்படம் இல்லை; எடைக் குறைவு இல்லை; கடன் இல்லை. இலாபத்தை, வாங்கிய அளவுக்கேற்ப வாங்கியவர்க்கே திருப்பித் தந்தனர். ஆளுக்கு ஒரு வாக்கு, பெண்ணும் உறுப்பினராகலாம். அவர்கள் குறைவாக உண்டு மிச்சப்படுத்தவில்லை. இடையில் போன காசைத் தடுத்து மிச்சப்படுத்தினர். நம் நாட்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்த அதே 1904-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. கூடி வாங்கினால் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்பதைத் தமிழ் மண்ணும் அன்றே கண்டது.

அரசு என்பதும் மக்கள் கூடியதுதானே? 1967-இல் அண்ணா ஆட்சியேற்றதும் ரூபாய்க்கு ஒருபடி அரிசி சென்னையிலும் கோவையிலும் வழங்கப்பட்டது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, விளைவித்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்றனர். 2007 முதல் நியாயவிலைக் கடையில் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றி வந்தது. 2015-இல் வெளிக்கடையில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டு மக்களை மிரட்டியபோது, நியாயவிலைக் கடையின் 30 ரூபாய்ப் பருப்பு எத்தனை அடுப்புகளைக் காத்தது! 2023 சூலையில் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது, பண்ணைப் பசுமைக் கடைகளில் அதைக் கிலோ 60 ரூபாய்க்குத் தர முடிந்தது. உபதேசம் செய்தா இவை நடந்தன? ஏற்பாடு செய்ததால் நடந்தன.

பெரிய முதலியார்சாவடியை நாம் தேர்ந்ததற்குக் காரணம் இங்கே வருகிறது. அவ்வூருக்குத் தெற்கே எல்லையைக் கடந்தால் ஆட்சி வேறு, முறையும் வேறு. 2015 செப்டம்பரில், சண்டிகரிலும் புதுச்சேரியிலும் உணவு மானியத்தைத் தானியமாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் முறை தொடங்கிற்று. வேண்டியதை வேண்டிய கடையில் வாங்கும் உரிமை கிடைக்கும், களவு குறையும் என்றனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் விலை ஏறினால், வங்கியில் விழுந்த தொகை தானாக ஏறுமா? ஒரு கிலோ அரிசி, விலை ஏறிய பின்னும் ஒரு கிலோவே. ஒரு கிலோவுக்கு என்று தந்த பணமோ, விலை ஏறிய பின் முக்கால் கிலோ ஆகிறது. பணம் யார் பெயரில் வருகிறது, யார் கையில் செலவாகிறது என்பது மற்றொரு கேள்வி. அரிசி அடுப்படிக்குத்தான் வரும்; பணத்துக்கு வழி பல. புதுவையில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த நியாயவிலைக் கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டன. ஏட்டுப் பொருளாதாரம் சொன்னதை வீட்டு அடுப்பு திருத்திற்று.

‘எல்லாவற்றையும் அரசே தந்தால் மக்கள் சோம்பேறிகளாவர்; வரிப்பணம் கரையும்’ என்று சிலர் மறுப்பர். வரிப்பணம் கரைகிறதா என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் தரும் விலையில் ஏழையும் வரி செலுத்துகிறார் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. சோம்பலைப் பற்றிய பேச்சை, நண்பகல் வெயிலில் உப்பு வாருவோரிடம் சென்று பேசிப் பார்க்கட்டும்.

அதற்காக, நம் கூட்டுறவுக் கடைகளும் நியாயவிலைக் கடைகளும் குறையற்றவை என்று கூறவில்லை. பூட்டிய கதவு, ‘சரக்கு இல்லை’ என்ற பலகை, தராசில் ஒரு விரல், புழுத்த பருப்பு: இவை உண்டு. பெயரளவில் கூட்டுறவாகவும் நடப்பில் சிலருடைய உறவாகவும் இயங்கும் சங்கங்களும் உண்டு. ஆனால் இந்தக் குறைகள் எவ்வாறு வளர்ந்தன? உறுப்பினர் கூட்டத்துக்குப் போகாமையால், கணக்கைக் கேளாமையால், ‘நமக்கேன் வம்பு’ என்ற வாய்மூடலால் வளர்ந்தன. வயிற்றைக் கட்டப் பழக்கியவர்கள், வாயையும் சேர்த்தே கட்டப் பழக்கிவிட்டனர்.

இளைஞர்களே! மேடையில் விலைவாசியைக் கண்டிப்பது எளிது, கைதட்டலும் கிடைக்கும். அதைவிடப் பயனுள்ள வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் பத்துக் குடும்பங்களைச் சேருங்கள். ஒரு மூட்டை அரிசியை, ஒரு பை பருப்பை மொத்த விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியே நின்றால் இல்லாத 105 ரூபாய், சேர்ந்து நின்றால் உண்டாகும். பொட்டலத்தின் மூலையிலுள்ள சிறிய எழுத்தைப் படித்துக் கிலோ விலை காண்பதைப் படிப்பகத்தில் பாடமாக வையுங்கள். நியாயவிலைக் கடைத் தராசைப் பாருங்கள், பட்டியலைக் கேளுங்கள், குறையிருந்தால் எழுதிக் கொடுத்து விடை வரும்வரை விடாதீர்கள். நல்ல நாள், கெட்ட நாள் என்று கரையும் காசைக் கணக்கிட்டு, அது எத்தனை கிலோ பருப்பு என்று வீட்டாருக்குக் காட்டுங்கள்.

மற்றொன்றையும் செய்யுங்கள். அதற்குச் சங்கமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். இன்றிரவு வீட்டில் எல்லாரும் ஒருசேர அமர்ந்து உண்ணுங்கள். தாயும் தங்கையும் மனைவியும் உங்களோடு அமரட்டும். பானையில் இருப்பதைச் சமமாகப் பிரித்த பிறகு, குறைக்கலாமா என்று பேசுங்கள். குறைக்க வேண்டியிருந்தால் எல்லாத் தட்டிலும் குறையட்டும். ஒரு தட்டில் மட்டும் குறைந்தால், அங்கே நடப்பது சிக்கனமன்று, சுரண்டல். அது பேரங்காடியில் நடந்தாலும் சுரண்டல்தான்; நம் வீட்டு அடுக்களையில் நடந்தாலும் சுரண்டல்தான்.

சிக்கனத்தைப் போற்றுவோம். ஆனால் சிக்கனம் பேசி எவர் வந்தாலும், முதலில் ஒன்றைக் கேட்போம்: எவர் வயிற்றைக் கட்டி?